குறுக்குப் பேச்சைக் குறைக்க எந்த வழி: தளமா, இடைவெளியா, காவல் தடமா?

ஒரு சர்க்யூட் போர்டில் அருகருகே ஓடும் இரண்டு செம்புத் தடங்களில் ஒன்றின் மின்னழுத்தம் சட்டென்று மாறும்போது, அதைத் தொடாமல் ஓடும் மற்றொன்றிலும் ஒரு சிறு துடிப்பு எழுகிறது. கிராஸ்டாக் எனப்படும் இந்தக் குறுக்குப் பேச்சைக் குறைக்கப் பல வழிகள் புழக்கத்தில் உள்ளன. தடங்களைத் தள்ளி வைக்கலாம்; கிரவுண்ட் தளத்தை, அதாவது சுற்றின் பொதுப் புள்ளியோடு இணைந்த அகன்ற செம்புப் பரப்பை, அவற்றுக்கு அருகில் கொண்டுவரலாம்; இரண்டுக்கும் நடுவில் கிரவுண்டோடு இணைந்த காவல் தடம் ஒன்றை ஓட்டலாம்; தடங்களை இரண்டு தளங்களுக்கு நடுவே உள் அடுக்கில் புதைக்கலாம்; சிக்னலின் விளிம்பை, அதாவது அது ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கட்டத்தை, மெதுவாக்கலாம்; ஒரே சிக்னலை இரண்டு தடங்களில் எதிரெதிராக அனுப்பும் டிஃபரன்ஷியல் ஜோடிக்கு மாறலாம். இவற்றுள் எதுவும் பயனற்றதல்ல. ஆயினும் ஒவ்வொன்றும் தரும் பலனும் கேட்கும் விலையும் பெரிதும் வேறுபடுகின்றன. சில வழிகளைப் போர்டின் அடுக்கமைப்பு முடிவாகும் கட்டத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். தடங்களை வரைந்து முடித்த பிறகு அவற்றுக்குத் திரும்ப முடியாது.

ஒப்பீடு வெறும் கொள்கையாக நின்றுவிடாமல் இருக்க, நடைமுறையில் அடிக்கடி வரும் ஒரு வடிவமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் 3.3 வோல்ட்டில் இயங்கும் ஓர் எஸ்டிரேம் நினைவகச் சிப்பும் 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பேசிக்கொள்கின்றன. அவற்றை இணைக்கும் பஸ், அதாவது சேர்ந்து ஓடும் தடங்களின் தொகுதி, 10 செ.மீ. நீளம் ஓடுகிறது. தடத்தின் அகலம் 0.2 மி.மீ., தடங்களுக்கு இடையிலான வெற்றிடமும் 0.2 மி.மீ.; ஆக மையத்திலிருந்து மையம் 0.4 மி.மீ. சிக்னலின் ஏறுநேரம், அதாவது தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏற அது எடுக்கும் நேரம், சுமார் 1 நானோ விநாடி. அதே போர்டில் மற்றவற்றுக்குத் தாளம் தரும் ஒரு கடிகார சிக்னலும், சிப்பை மறுதொடக்கம் செய்யும் ஒரு ரீசெட் தடமும், சென்சாரிலிருந்து வரும் ஓர் அனலாக் தடமும் இருக்கின்றன.

எவ்வளவு இரைச்சலைத் தாங்க முடியும் என்பதிலிருந்து தொடங்குவதே முறை. இத்தகைய 3.3 வோல்ட் சிப்களுக்கான எல்விடிடிஎல் தரநிலையில், அனுப்பும் முனை தாழ்நிலையை 0.4 வோல்ட்டுக்குள் வைப்பதாக உறுதி தருகிறது. பெறும் முனை 0.8 வோல்ட் வரை தாழ்நிலையாக ஏற்கிறது. உயர்நிலையிலும் 2.4 வோல்ட்டுக்கும் 2.0 வோல்ட்டுக்கும் இடையே அதே வித்தியாசம் உள்ளது. ஆக, மிக மோசமான நிலையில் இரைச்சலுக்குக் கிடைக்கும் இடம் 0.4 வோல்ட் மட்டுமே. அதில் பாதியைப் பிரதிபலிப்புக்கும் மின்வழங்கல் அலைவுக்கும் ஒதுக்கினால், குறுக்குப் பேச்சுக்கு எஞ்சுவது 0.2 வோல்ட், இது 3.3 வோல்ட்டில் ஏறத்தாழ 6 சதவீதம். இரண்டு பக்கமும் அண்டைத் தடங்கள் உள்ள ஒரு தடம், இந்த 6 சதவீதத்தை அவ்விரண்டுக்கும் பங்கிட வேண்டியிருக்கிறது.

இனி இரைச்சல் தாவும் விதத்தைப் பார்ப்போம். இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள மின்புலத்தின் வழியாக ஒரு பங்கும், காந்தப்புலத்தின் வழியாக ஒரு பங்கும் தாவுகின்றன. இவை பாதிக்கப்படும் தடத்தில் இரண்டு திசைகளில் ஓடுகின்றன. அனுப்பும் முனையை நோக்கிப் பின்னோக்கி ஓடும் துடிப்பில் இரண்டு பங்குகளும் கூடுகின்றன. பெறும் முனையை நோக்கி முன்னோக்கி ஓடும் துடிப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்று கழிகிறது. பின்னோக்கிய துடிப்பு, தடங்கள் சேர்ந்து ஓடும் நீளம் ஓர் எல்லையைத் தாண்டியதும் உயரத்தில் வளர்வதை நிறுத்திவிட்டு அகலத்தில் மட்டும் வளரும். எஃப்ஆர்-4 எனும் வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் சிக்னல் ஒரு நானோ விநாடிக்குச் சுமார் 15 செ.மீ. செல்வதால், 1 நானோ விநாடி ஏறுநேரத்துக்கு அந்த எல்லை ஏறக்குறைய 7.5 செ.மீ. நம் பஸ்ஸின் நீளம் 10 செ.மீ.; அதாவது பின்னோக்கிய துடிப்பு ஏற்கெனவே அதன் முழு உயரத்தை அடைந்துவிட்டது. முன்னோக்கிய துடிப்புக்கு அத்தகைய எல்லை எதுவும் அருகில் இல்லை. அது நீளத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுநேரத்துக்கு எதிர்விகிதத்திலும் வளர்ந்துகொண்டே போகும்.

முதலில் இடைவெளியையும் தளத்தையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனெனில் இவற்றைத் தனித்தனி வழிகளாக எண்ணுவதுதான் பல தவறான தேர்வுகளுக்குக் காரணம். தடத்தில் முன்னோக்கிச் செல்லும் மின்னோட்டம், அதற்கு நேர்கீழே உள்ள தளத்தில் திரும்பி வருகிறது. தளம் எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு குறுகலாக அந்தத் திரும்பு மின்னோட்டமும் புலங்களும் தடத்தின் கீழேயே ஒடுங்கி நிற்கும். வடிவமைப்பாளர்கள் முதற்கணக்குக்கு வைத்திருக்கும் எளிய சூத்திரம் இதையே சொல்கிறது. தடங்களின் மைய இடைவெளியைத் தளத்திலிருந்து தடம் நிற்கும் உயரத்தால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டி, தலைகீழாக்கினால் குறுக்குப் பேச்சின் ஒப்பீட்டு அளவு கிடைக்கும். போர்டில் உண்மையில் அளக்கப்படும் மதிப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே பயன்படுத்த வேண்டும், வோல்ட்டாக மாற்றக் கூடாது.

நம் பஸ்ஸை 1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டடுக்குப் போர்டில் ஓட்டினால், தளம் சுமார் 1.5 மி.மீ. கீழே இருக்கும். 0.4 மி.மீ. இடைவெளிக்குச் சூத்திரம் தரும் எண் 0.93. இடைவெளியை இரட்டிப்பாக்கி 0.8 மி.மீ. ஆக்கினாலும் அது 0.78 வரை மட்டுமே இறங்குகிறது. போர்டின் பரப்பை இரண்டு மடங்கு செலவிட்டு ஆறில் ஒரு பங்கு நிவாரணம் மட்டுமே பெற்றிருக்கிறோம். அதே பஸ்ஸை நான்கடுக்குப் போர்டில், தளத்துக்கு 0.2 மி.மீ. மேலே ஓட்டினால், இடைவெளியைச் சிறிதும் மாற்றாமலேயே எண் 0.2 ஆகிறது. இரண்டடுக்குப் போர்டில் இதே நிலையை எட்ட வேண்டுமானால் தடங்களை 3 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். பதினாறு தரவுத் தடங்களும் முகவரித் தடங்களும் உள்ள ஒரு பஸ்ஸுக்கு அவ்வளவு இடம் எந்தப் போர்டிலும் கிடைக்காது.

தளம் அருகில் வந்த பிறகு இடைவெளியும் திடீரென்று வலிமை பெறுகிறது. 0.2 மி.மீ. உயரத்தில் மைய இடைவெளியை 0.4 இலிருந்து 0.6 மி.மீ. ஆக்கினால் 0.2 என்ற எண் 0.1 ஆகப் பாதியாகிறது. தட அகலத்தைப் போல மூன்று மடங்கு மைய இடைவெளி வேண்டும் என்று பலரும் மனப்பாடமாகச் சொல்லும் விதி இதுவே. அந்த விதி தளத்தின் உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதே அதன் குறை. மூன்று மடங்கு இடைவெளியைக் கடைப்பிடித்த இரண்டடுக்குப் போர்டு, கடைப்பிடிக்காத நான்கடுக்குப் போர்டைவிடப் பல மடங்கு மோசமாக இருக்கும். எனவே இடைவெளியைத் தட அகலத்தின் மடங்காக எண்ணுவதைக் காட்டிலும் தள உயரத்தின் மடங்காக எண்ணுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

உயரத்தை 0.2 இலிருந்து 0.1 மி.மீ. ஆக்குவதும் இடைவெளியை இரட்டிப்பாக்குவதும் சூத்திரத்தின் கண்ணுக்கு ஒன்றே, இரண்டும் 0.06 என்ற எண்ணையே தருகின்றன. முன்னது மெல்லிய பிரிபெக் அடுக்கை (செம்பு அடுக்குகளுக்கு நடுவே ஒட்டும் பிசினூறிய கண்ணாடியிழைத் தாளை) தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறுவதோடு முடிகிறது; பின்னது போர்டின் பரப்பைத் தின்கிறது. மெல்லிய அடுக்கில் தடத்தின் இம்பிடன்ஸ் (வேகமாக மாறும் சிக்னலுக்குத் தடம் காட்டும் எதிர்ப்பு) இறங்கும் என்பதை மட்டும் கணக்கில் கொண்டு, தேவையானால் தடத்தையும் ஒல்லியாக்க வேண்டும். செலவு காரணமாக நான்கடுக்குக்குப் போகவே முடியாதவர்களுக்கும் ஒரு சிறு வழி உண்டு. இரண்டடுக்குப் போர்டை 1.6 மி.மீ.க்குப் பதில் 0.8 மி.மீ. தடிமனில் செய்வித்து, கீழ் அடுக்கை இயன்றவரை உடையாத கிரவுண்டாக வைத்திருந்தால், உயரம் பாதியாகக் குறைகிறது.

காவல் தடத்தைப் பற்றி இங்கே சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குறுக்குப் பேச்சு என்றதுமே பலரின் கை முதலில் போவது அதை நோக்கித்தான். இரண்டு தடங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை நுழைக்க வேண்டுமானால், அவ்விரண்டையும் முதலில் விலக்கியாக வேண்டும். நம் அளவுகளில் மைய இடைவெளி 0.4 இலிருந்து 0.8 மி.மீ. ஆகிறது, தளம் 0.2 மி.மீ. கீழே இருந்தால், காவல் தடம் எதுவும் போடாமலேயே, அந்த விலகல் ஒன்றே எண்ணை 0.2 இலிருந்து 0.06க்குக் கொண்டுவந்துவிடுகிறது. போர்டின் மேற்பரப்பில் ஓடும் தடங்களுக்கு, அதன் பிறகு காவல் தடம் கூடுதலாகச் சேர்ப்பது பெரும்பாலும் சிறிதே. புகழ் காவல் தடத்துக்குப் போகிறது. வேலையைச் செய்தது இடைவெளி.

காவல் தடத்தைத் தவறாகப் போட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகவும் ஆகலாம். இரண்டு முனைகளிலும் இணைக்கப்படாமல் மிதக்கும் செம்பும், ஒரு முனையில் மட்டும் கிரவுண்டோடு இணைந்த செம்பும், தாக்கும் தடத்திலிருந்து துடிப்பை வாங்கி, தமக்குள் முன்னும் பின்னும் பிரதிபலித்து, பாதிக்கப்படும் தடத்துக்குக் கைமாற்றிவிடும். இதைத் தடுக்கக் காவல் தடத்தை வழிநெடுக வயாக்களால், அதாவது அடுக்குகளை இணைக்கும் செம்பு பூசிய துளைகளால், தளத்தோடு தைக்க வேண்டும். ஏறுநேரத்தில் சிக்னல் செல்லும் தொலைவில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒரு வயா என்று வைத்துக்கொண்டால், 1 நானோ விநாடிக்கு ஒவ்வொரு 1.5 செ.மீ.க்கும் ஒன்று வேண்டும். அத்தனை வயாக்களையும் அடர்ந்த பஸ்ஸுக்கு நடுவே பொருத்துவது எளிதல்ல. வயாவின் வளையத்துக்கே தட அகலத்தைவிடக் கூடுதலான இடம் வேண்டியிருப்பதால், தடங்களை மேலும் விலக்கும்படி ஆகிறது.

ஆயினும் காவல் கடத்தி மிக நன்றாக வேலை செய்யும் இடங்களும் உண்டு; அவை தளம் இல்லாத இடங்கள். பழைய கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கை இணைத்த பட்டைக் கேபிள் இதற்குச் சிறந்த சான்று. நீண்ட காலம் அந்தக் கேபிளில் 40 கம்பிகளே இருந்தன. அல்ட்ரா ஏடிஏ 66 வேகம் வந்தபோது, சாக்கெட்டின் 40 முனைகளை மாற்றாமலேயே, கேபிளில் மட்டும் 80 கம்பிகள் ஆயின. கூடுதலான 40 கம்பிகளும் கிரவுண்ட். அவை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிக்னல் கம்பிகளுக்கு நடுவே வைக்கப்பட்டன. பட்டைக் கேபிளின் அடியில் தளம் எதுவும் கிடையாது. திரும்பு மின்னோட்டம் செல்வதற்கு அருகிலேயே ஒரு வழியை அந்தக் கம்பிகள்தாம் முதன்முதலாக ஏற்படுத்தித் தந்தன. போர்டின் தளம் செய்யும் அதே வேலையை அங்கே காவல் கம்பி செய்கிறது. அதனால்தான் தளமில்லாத இரண்டடுக்குப் போர்டில், குறிப்பாக மெதுவான அனலாக் சிக்னல்களுக்கு, காவல் தடத்தைப் பரிந்துரைக்கத் தயங்க வேண்டியதில்லை. உறுதியான தளத்துக்கு மேலே ஓடும் டிஜிட்டல் பஸ்ஸுக்கோ நான் அதைக் கடைசியாகவே வைப்பேன்.

தடங்களை இரண்டு தளங்களுக்கு நடுவே புதைப்பது வேறொரு வகையில் பலன் தருகிறது. மேற்பரப்புத் தடத்தின் ஒரு பக்கம் எஃப்ஆர்-4, மறுபக்கம் காற்று. இந்த ஏற்றத்தாழ்வினால் மின்புலப் பங்கும் காந்தப்புலப் பங்கும் சமமாவதில்லை. காந்தப்புலப் பங்கே மேலோங்கி, முன்னோக்கிய துடிப்பாக எஞ்சுகிறது. சுற்றிலும் ஒரே மின்காப்புப் பொருள் இருக்கும் உள் அடுக்கில் இவ்விரண்டும் சமமாகி ஒன்றையொன்று அழித்துவிடுவதால், கோட்பாட்டளவில் முன்னோக்கிய துடிப்பு பூஜ்யமாகிறது. பின்னோக்கிய துடிப்பு அங்கும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆகவே நீளமான, வேகமான பஸ்களுக்கு உள் அடுக்கு பெரும் வரம், 10 செ.மீ. பஸ்ஸுக்கு அது அவசியமா என்பது கேள்வி. ஆறு அடுக்குகள் இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். நான்கு அடுக்குகளிலேயே வெளி அடுக்குகளைத் தளமாக்கி உள்ளே சிக்னலை ஓட்டுவதும் நடக்கிறது. ஆனால் பாகங்களைப் பற்றவைக்கும் பேடுகள் வெளித்தளத்தைத் துளைத்துத் துண்டாடுவதால், அடர்ந்த போர்டில் அந்த ஏற்பாடு எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.

பரப்போ அடுக்கோ கேட்காத ஒரே வழி விளிம்பை மெதுவாக்குவது. ஏறுநேரத்தை 1 இலிருந்து 3 நானோ விநாடி ஆக்கினால், பின்னோக்கிய துடிப்பு முழு உயரத்தை எட்டும் நீளம் 22.5 செ.மீ.க்குத் தள்ளிப்போகிறது. நம் 10 செ.மீ. பஸ்ஸில் அது முழு உயரத்தில் பாதியைக்கூட எட்டாது; முன்னோக்கிய துடிப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர்களிலும், உட்சுற்றை நாமே நிரலிடக்கூடிய எஃப்பிஜிஏ சிப்களிலும் பின்னின் இயக்க வலிமையை மென்பொருளிலேயே குறைத்துக்கொள்ள முடியும். விலை காலத்தில் கொடுக்கப்படுகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 10 நானோ விநாடி; நினைவகச் சிப் தரவை வெளியிடவே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்; போக்குவரத்தும் பெறும் முனை கேட்கும் ஆயத்த நேரமும் போக எஞ்சுவதில் மெதுவான விளிம்புக்குத் தாராளமாகக் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை. எனவே எஸ்டிரேம் பஸ்ஸுக்கு இதை ஓரளவே நம்பலாம். எல்இடி, ரிலே, மெதுவான எஸ்பிஐ தொடர் இணைப்பு போன்றவற்றை இயக்கும் பின்களிலோ, இயல்பாகவே மிகக் குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுப்பதை ஒரு நெறியாகவே கொள்ள வேண்டும். தேவையில்லாத வேகம் ஒவ்வொன்றும் அண்டைத் தடத்தின் மீது சுமத்தப்படும் இரைச்சல்.

அனுப்பும் முனையில் வைக்கும் 22 அல்லது 33 ஓம் மின்தடையை இதன் கூடவே சொல்ல வேண்டும். அது விளிம்பைச் சிறிதளவே மெதுவாக்குகிறது. அதன் உண்மையான சேவை வேறிடத்தில் இருக்கிறது. பாதிக்கப்படும் தடத்தில் பின்னோக்கி ஓடிவரும் துடிப்பு, குறைந்த இம்பிடன்ஸ் கொண்ட இயக்கியில் (சிக்னலை அனுப்பும் சுற்றில்) மோதித் தலைகீழாகப் பிரதிபலித்து, பெறும் முனைக்கே திரும்பிச் செல்கிறது. தொடர் மின்தடை தடத்தின் இம்பிடன்ஸுக்கு ஈடுகட்டி நின்றால், அந்தத் துடிப்பு அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். விலை மலிவான ஒரு பாகத்துக்கு இது பெரிய பலன்.

டிஃபரன்ஷியல் ஜோடியைப் பொறுத்தவரை, சிப்களில் அந்த வசதி இருந்தால்தான் தேர்வே எழுகிறது. எஸ்டிரேமின் தரவுப் பின்களுக்கு அது கிடையாது. எல்விடிஎஸ் போன்ற குறைமின்னழுத்த ஜோடி முறைகளில் ஏறக்குறைய 350 மில்லிவோல்ட் அலைவே போதுமானதால், அந்த ஜோடி பிறரைத் தொந்தரவு செய்வதும் குறைகிறது. ஆனால் ஒரு நம்பிக்கையை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. கேபிளில் கம்பிகளை முறுக்குவதால் கிடைக்கும் நன்மை போர்டின் ஜோடித் தடங்களுக்கும் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்ற முறுக்கிய ஜோடியில், இரண்டு கம்பிகளும் மாறி மாறி அண்டைக் கம்பிக்கு அருகில் வருவதால், இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறிப் பெறும் முனையில் கழிந்துவிடுகிறது. ஈதர்நெட் கேபிளில் நான்கு ஜோடிகளும் வெவ்வேறு முறுக்கு நீளத்தில் இருப்பதும் இதற்காகவே. போர்டில் ஜோடித் தடங்கள் முறுக்கப்படுவதில்லை. ஒன்று எப்போதும் அண்டைத் தடத்துக்கு அருகிலும் மற்றொன்று எப்போதும் தொலைவிலும் இருக்கிறது. இரைச்சல் சமமாக ஏறாததால் முழுமையாகக் கழிவதுமில்லை. ஆகவே ஜோடிக்கும் அண்டைத் தடத்துக்கும் இடையே வழக்கமான இடைவெளியைக் கொடுத்தே ஆக வேண்டும்.

சிப்புக்குள் நிலைமை மாறுகிறது. அங்கே தடங்களுக்குக் கீழே உறுதியான தளம் என்று ஒன்று இல்லை. தடங்கள் ஒல்லியாகவும் உயரமாகவும் இருப்பதால், பக்கவாட்டில் உள்ள அண்டையோடு ஏற்படும் மின்தேக்குத்திறனே மேலோங்கி நிற்கிறது. அண்டை எதிர்த்திசையில் மாறினால் அந்த மின்தேக்குத்திறன் இரண்டு மடங்காகவும், அதே திசையில் மாறினால் இல்லாததாகவும் தோன்றும். அதாவது குறுக்குப் பேச்சு அங்கே துடிப்பாக மட்டுமல்லாமல் தாமத மாற்றமாகவும் வெளிப்படுகிறது. போர்டில் நான் கடைசியாக வைத்த காவல் தடம், மின்வழங்கல் கம்பியின் வடிவில், அங்கே முன்வரிசைக்கு வருகிறது; நீண்ட தடங்களை இடையிடையே, சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர்களால் துண்டாக்குவதும் அதற்குத் துணை நிற்கிறது. சிலிக்கன் ஆக்சைடின் மின்காப்பு மாறிலி சுமார் 3.9. அதைவிடக் குறைந்த மாறிலியுள்ள பொருள்களை நோக்கிச் சிப் தயாரிப்பாளர்கள் நகர்ந்ததற்கு இந்தப் பக்கவாட்டு மின்தேக்குத்திறனும் ஒரு காரணம்.

போர்டுக்குத் திரும்புவோம். மேலே சொன்ன கணக்குகள் அனைத்தும் தளம் உடையாமல் இருக்கிறது என்ற ஒரே அனுமானத்தின் மீது நிற்கின்றன. அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் பிரிக்கிறோம் என்று தளத்தில் ஒரு பிளவு வெட்டி, அதற்குக் குறுக்கே பஸ்ஸை ஓட்டினால், அத்தனை தடங்களின் திரும்பு மின்னோட்டமும் பிளவின் ஓரத்தைச் சுற்றி ஒரே வழியில் நெருக்கியடித்துச் செல்லும். அந்த இடத்தில் தடங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருந்தாலும் பலனில்லை. கனெக்டரிலும் இதே ஆபத்து உண்டு. இருபது சிக்னல்களுக்கு ஓரத்தில் ஒரே ஒரு கிரவுண்ட் பின் என்று வைப்பதைவிட, சிக்னல்களுக்கு நடுவே நாலைந்து கிரவுண்ட் பின்களைப் பரப்பி வைப்பது பல மடங்கு மேல்.

இனி, எடுத்துக்கொண்ட போர்டுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? பஸ்ஸின் தரவுத் தடங்கள் எல்லாம் ஒரே கடிகார விளிம்பில் மாறி, அடங்கிய பிறகே வாசிக்கப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, அடங்குவதற்கு நேரம் இருக்கும்வரை பெரிய தீங்கு செய்யாது, அவற்றை 0.4 மி.மீ. இடைவெளியிலேயே விட்டுவிடலாம். கடிகாரமும் ரீசெட்டும் அப்படியல்ல. அவற்றில் எந்த நொடியில் துடிப்பு ஏறினாலும் சுற்று அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். எனவே நான்கடுக்குப் போர்டை எடுத்து, தளத்தை 0.2 மி.மீ.க்கு மிகாமலும் முடிந்தால் 0.1 மி.மீ. அருகிலும் வைத்து, மிச்சமாகும் இடத்தை இந்த இரண்டு தடங்களுக்கும் அனலாக் தடத்துக்கும் மட்டுமே தாராளமாகச் செலவிடுவேன். அவற்றுக்கும் பஸ்ஸுக்கும் இடையே தள உயரத்தைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாத இடைவெளி விடுவேன். பஸ்ஸின் இயக்கிகளில் தொடர் மின்தடை இருக்கும். மெதுவான பின்கள் அனைத்தும் குறைந்த வேகத்தில் இருக்கும். ரீசெட் தடத்தில், பெறும் சிப்பின் அருகிலேயே, சிறு மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட ஒரு வடிகட்டி சேரும். அனலாக் தடம் கனெக்டரிலிருந்து பஸ்ஸைக் கடக்க வேண்டியிருந்தால், தளத்தின் மறுபக்க அடுக்கில், செங்குத்தாகக் கடந்து செல்லும். காவல் தடத்துக்கு இந்தப் போர்டில் இடம் ஒதுக்க மாட்டேன்.

செலவு காரணமாக இரண்டடுக்குதான் என்று முடிவாகிவிட்டால், முதலில் பஸ்ஸின் நீளத்தையே குறைக்கப் பார்ப்பேன். நினைவகச் சிப்பை மைக்ரோகண்ட்ரோலருக்கு ஒட்டினாற்போல் வைத்து 10 செ.மீ.யை 3 செ.மீ. ஆக்கினால், பின்னோக்கிய துடிப்பு முழு உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு இறங்கும்; முன்னோக்கியது பத்தில் மூன்று பங்காகும். அதன் பிறகே 0.8 மி.மீ. பலகையும், கடிகாரத்தின் இருபுறமும் தைக்கப்பட்ட காவல் தடங்களும்.